மூன்று நிமிடமும் ஒரு வாய்க்காலும்

கேள்வி: திருத்துறைப்பூண்டி வட்டத்தில் ஒரு கடைமடைக் கிராமம் எங்களுடையது. எனக்கு வயது 43. வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருப்பதால் ஆறு வருடமாகச் சாகுபடியை நானே பார்க்கிறேன். எங்கள் பாசன வாய்க்கால் தூர்ந்து கிடப்பதைப் பற்றி ஊர் சார்பில் ஆட்சியரின் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் இரண்டு முறை பேசினேன். முதல் முறை விஷயத்துக்கு வருவதற்குள், "நேரம் ஆச்சும்மா, மனுவைக் குடுத்துட்டு உக்காருங்க" என்று சொல்லிவிட்டார்கள். இரண்டாம் முறை கை நடுங்கி, தொண்டை அடைத்து, அழுகிற மாதிரி ஆகிவிட்டது. மகளிர் குழுவில் மணிக்கணக்காகப் பேசுகிறவள் நான். இப்போது ஊரில், "அடுத்த தடவை வேற ஆளை அனுப்பலாம்" என்கிறார்கள். ஏப்ரல் கூட்டத்துக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. எழுதி வைத்துப் படித்த பேச்சை இணைத்திருக்கிறேன். இந்தக் கூச்சம் போக என்ன வழி?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் அனுப்பிய பேச்சை நிதானமாக வாய்விட்டுப் படித்தால் மூன்று நிமிடம் நாற்பது வினாடி ஆகிறது. அதில் முதல் 55 வினாடி வணக்கம். ஆட்சியர், மாவட்ட வருவாய் அலுவலர், வேளாண்மை இணை இயக்குநர், பொறியாளர்கள், முன்னோடி விவசாயிகள், பத்திரிகை நண்பர்கள் என்று யாரையும் விடவில்லை. அடுத்த ஒன்றேகால் நிமிடம் உங்கள் மாமனார் காலத்தில் அந்த வாய்க்கால் எப்படி ஓடியது என்ற கதை. பிறகு உரத் தட்டுப்பாடு, கொள்முதல் நிலையத்தில் மூட்டை தேங்கிய விவகாரம். வாய்க்கால் தூர்வார வேண்டும் என்ற கோரிக்கை மூன்றாவது நிமிடம் முடிகிற இடத்தில் வருகிறது. உட்காரச் சொன்னவருக்கு அதுவரை நீங்கள் எதற்காக எழுந்தீர்கள் என்பதே தெரிந்திருக்காது.

ஆகவே கூச்சத்துக்கு மருந்து பிறகு. முதலில் பேச்சைத் திருப்பிப் போட வேண்டும்.

நம் பக்கத்தில் மைக்கைப் பிடித்தாலே ஒரு மேடைக் குரல் தானாக வந்துவிடுகிறது. பேச்சால் பெயர்பெற்ற வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியும் திருக்குவளை கருணாநிதியும் பிறந்த மண். நல்ல பேச்சைக் கேட்டே வளர்ந்த காது நமக்கு. ஆனால் மேடைப் பேச்சாளர், கேட்க வந்து உட்கார்ந்திருக்கும் கூட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றி உச்சிக்குக் கொண்டுபோகிறவர். உங்கள் முன்னால் இருப்பவர்கள் காலையிலிருந்து ஐம்பது பேர் சொன்னதைக் கேட்டுக் களைத்தவர்கள். அவர்களிடம் உச்சியை முதல் வாக்கியத்திலேயே வைத்துவிட வேண்டும். ஒரு சிறு திருத்தமும் சொல்லிவிடுகிறேன்: "மாண்புமிகு" அமைச்சர்களுக்கும் நீதிபதிகளுக்கும் உரிய அடைமொழி. ஆட்சியருக்கு "மதிப்பிற்குரிய" என்றால் போதும். அதுவும் மனுவில். வாயால் சொல்லும்போது "வணக்கம் ஐயா" அல்லது "வணக்கம் மேடம்" தாராளம்.

கீழே இருப்பது உங்கள் பேச்சுதான். எண்கள் எல்லாம் நீங்களே கடைசிப் பக்கத்தில் எழுதியவை. வரிசையை மாற்றி, பேச்சு வழக்கில் வைத்திருக்கிறேன்:

"வணக்கம் ஐயா. இன்ன ஊர்லேர்ந்து வர்றேன். எங்க ஊர் 'சி' வாய்க்கால் 1,400 மீட்டர். அதை மே 31க்குள்ள தூர்வாரித் தரணும். இது ஒண்ணுதான் கோரிக்கை.

இந்த வாய்க்காலை நம்பி 140 ஏக்கர், 62 குடும்பம் இருக்கு. தலைப்புலேர்ந்து 600 மீட்டர் வரைக்கும் தண்ணி வருது. அதுக்கு மேல காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் அடைச்சுக் கிடக்கு. போன வருசம் கடைசி 50 ஏக்கருக்குத் தண்ணி போய்ச் சேர 19 நாள் ஆச்சு. அதுக்குள்ள நாத்து முத்திப் போச்சு.

பிப்ரவரி கூட்டத்துல மனு குடுத்தோம், ஒப்புகை நம்பர் இன்னது. வேளாண் பொறியியல் துறை எந்தத் தேதியில வேலை ஆரம்பிப்பாங்கன்னு சொன்னாப் போதும் ஐயா."

நிதானமாகச் சொன்னாலும் ஒரு நிமிடத்தை அதிகம் தாண்டாது. மூன்று நிமிடம் தருகிறார்கள் என்றால் ஒன்றில் முடியுங்கள். மிச்சம் இரண்டு நிமிடம் அவர்கள் பதில் சொல்வதற்கு.

இதில் மூன்று இடத்தைக் கவனியுங்கள். உங்கள் பழைய பேச்சில் "வாய்க்கால்" என்று மட்டும் இருந்தது. டெல்டாவில் ஏ, பி வாய்க்கால்களைத் தூர்வாருவது நீர்வளத்துறை. சி, டி வாய்க்கால்கள் வேளாண் பொறியியல் துறையின் வேலை. எந்த வகை என்று சொல்லாவிட்டால் ஆட்சியர் கேட்கும்போது இரண்டு துறை அலுவலர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். "ஆய்வு செய்து சொல்கிறோம்" என்ற பதில் அங்கேதான் பிறக்கிறது. 'சி' என்ற ஓர் எழுத்து, பதில் சொல்ல வேண்டியவரை நேராகச் சுட்டிவிடுகிறது.

இரண்டாவது, தேதி. "தண்ணி திறக்கறதுக்கு முன்னாடி" என்று எழுதியிருந்தீர்கள். நமக்கு அது வழக்கமாக ஜூன் 12. ஆனால் மேட்டூர் அணையை 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். 2024இல் ஜூலை 28 வரை திறக்கவில்லை. ஆளுக்கு ஆள் வேறு தேதியை நினைத்துக்கொள்ள இடம் தரும் சொல்லை மைக்கில் சொல்லாதீர்கள். நாளும் மாதமும் சொல்லுங்கள்.

மூன்றாவது, அளவு. ஊரில் "21 வேலி" என்றால் போதும், எல்லோருக்கும் புரியும். வெளி மாவட்டத்திலிருந்தோ வெளி மாநிலத்திலிருந்தோ வந்த அதிகாரிக்கு வேலியும் மாவும் குழியும் விளங்காது. ஒரு மா ஏறத்தாழ 33 சென்ட், மூன்று மா ஒரு ஏக்கர், 20 மா ஒரு வேலி. ஏக்கரில் சொல்லுங்கள். மனுவில் ஹெக்டேரும் எழுதுங்கள், துறைக் கோப்பில் அதுதான் ஓடும். உங்கள் 140 ஏக்கர் சுமார் 57 ஹெக்டேர். மூட்டைக் கணக்கிலும் இதே வம்பு உண்டு. வயலில் பலர் 60 கிலோ மூட்டையைச் சொல்வார்கள். கொள்முதல் நிலையத்தில் மூட்டை 40 கிலோ. நூறு மூட்டை என்று ஒருவர் சொன்னதை இன்னொருவர் 4,000 கிலோ என்று குறித்துக்கொண்டால், சொன்னவர் பொய்யர் ஆகிவிடுவார்.

இந்தப் பேச்சை மனப்பாடம் செய்யாதீர்கள். மனப்பாடத்தில் ஒவ்வொரு வரியும் முந்தைய வரியின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஒரு சொல் நழுவினால் பின்னால் இருப்பவை அத்தனையும் விழும். முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும். நடுவில் இருப்பதற்கு "140 – 62", "600 மீட்டர்", "19 நாள்", "பிப்ரவரி மனு, அதன் எண்" என்ற நான்கு குறிப்பே போதும். அவற்றை அஞ்சலட்டை அளவுள்ள கெட்டி அட்டையில், ஒரு கை தூரத்திலிருந்து படிக்கிற பெரிய எழுத்தில் எழுதுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகையை வெட்டினால் அருமையான அட்டை. மெல்லிய ஏ4 தாளைப் பிடித்தால் விரலின் சின்ன நடுக்கத்தையும் அது பத்து மடங்காக்கிச் சபைக்குக் காட்டிவிடும். அதைப் பார்த்து நமக்கு இன்னும் நடுங்கும். இரண்டாம் முறை உங்களுக்கு நடந்ததில் பாதி அந்தத் தாளின் வேலை.

இனி உடம்புக்கு வருவோம். பயத்தில் மூச்சு மேல் மார்போடு நின்றுவிடுகிறது. குரல் நாண்களுக்கு அடியிலிருந்து சீராக வர வேண்டிய காற்று விட்டுவிட்டு வருவதால் குரல் நடுங்குகிறது, வாக்கியத்தின் கடைசிச் சொல்லுக்குக் காற்றே மிஞ்சுவதில்லை. "நல்லா மூச்சை இழு" என்று எல்லோரும் சொல்வார்கள். ஏற்கெனவே உள்ளே காற்று அடைந்திருக்க, அதன் மேல் இன்னும் இழுத்தால் நெஞ்சு இன்னும் இறுகும். முதலில் வெளியே விடுங்கள். சூடான டீயை ஊதுகிற மாதிரி உதட்டைக் குவித்து, ஆறு எண்ணும் வரை விட்டுவிட்டு, மூக்கால் நாலு எண்ணும் வரை இழுங்கள். ஐந்து முறை. வயிறு முன்னால் வர வேண்டும், தோள் ஏறக் கூடாது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்யலாம், பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. உங்களுக்கு முன்னால் மூன்று பேர் இருக்கும்போது தொடங்குங்கள். ஒரு வாய் வெந்நீர். அன்று இரண்டாவது டீ வேண்டாம், கை நடுக்கத்துக்கு அது துணை போகும். வெற்றிலை போடும் பழக்கம் இருந்தால் பேசி முடித்த பிறகு. பாக்குத் துணுக்கு ஒன்று தொண்டையில் நின்றால் பேச்சு முழுக்க இருமல்தான்.

தொண்டை அடைத்தது பற்றி வெட்கப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். உணர்ச்சி மேலிடும்போது தொண்டைத் தசை இறுகுவது எல்லோருக்கும் உள்ளது. அது எந்த வரியில் வந்தது என்று பாருங்கள். "எங்க மாமனார் கையால வெட்டுன வாய்க்கா" என்ற இடத்தில்தானே? அந்த வரி போய்விட்டது. இப்போதுள்ள பேச்சில் மனதை அசைக்கக்கூடிய ஒரே இடம், நாற்று முத்திப்போனது. அதற்கு அடுத்தே மனு எண்ணை வைத்திருக்கிறேன். எண்ணைப் படிக்கும்போது கண்ணுக்கும் வாய்க்கும் வேலை வந்துவிடும், குரல் தானே கீழே இறங்கும். அப்படியும் அடைத்தால் பேச்சை நிறுத்தி, மூச்சை விட்டு, எச்சிலை விழுங்கி, அட்டையைப் பாருங்கள். மூன்று வினாடி ஆகும். உங்களுக்கு அது ஒரு யுகம். சபை அதைக் கவனிக்கக்கூடச் செய்யாது.

மைக்கை யாரும் சொல்லித் தருவதில்லை, அதனால்தான் பல நல்ல பேச்சு அங்கே கெடுகிறது. கையில் தரும் மைக் என்றால் நடுத்தண்டைப் பிடியுங்கள். தலையில் உள்ள வலையைக் கையால் மூடினால் 'கூய்' என்று ஊளையிடும். வாய்க்கு நாலு விரல்கிடை தூரம், மோவாய்க்கு நேராகக் கொஞ்சம் கீழே. உதட்டுக்கு நேரே வைத்தால் 'ப' வரும்போதெல்லாம் காற்று அடித்து 'டப்' என்று கேட்கும், உங்கள் பேச்சிலோ "பிப்ரவரி" இருக்கிறது. தலையைத் திருப்பினால் மைக்கும் கூடவே திரும்ப வேண்டும். தட்டிப் பார்ப்பது, ஊதிப் பார்ப்பது வேண்டாம். விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு "வணக்கம் ஐயா" என்றாலே சோதனை முடிந்தது. நிற்கும் மைக் என்றால் முன்னால் பேசியவர் உயரத்தில் இருக்கும். பெண்கள் பெரும்பாலும் அதைத் தொடத் தயங்கி, கழுத்தை நீட்டிக்கொண்டு பேசுகிறார்கள். நீட்டிய கழுத்திலிருந்து குரல் கீச்சென்றுதான் வரும். திருகைத் தளர்த்தி இறக்குங்கள், ஐந்து வினாடி வேலை. நடுவில் மைக் செத்துவிட்டால் கத்தாதீர்கள். கையைத் தூக்கிக் காத்திருங்கள், சரிசெய்வது அவர்கள் பொறுப்பு.

வயலில் வரப்புக்கு வரப்பு குரல் கொடுத்தும் பம்புசெட் இரைச்சலை மீறிப் பேசியும் பழகியவர்கள், மைக்கிலும் அதே அழுத்தத்தைப் போடுவார்கள். கேட்பவருக்கு அது சண்டையாகத்தான் படும். மைக் இருக்கும்போது, திண்ணையில் எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் பேசும் அளவு போதும். இதற்கு நேர்மாறானது கோயில் திருவிழாவில் குழாய் ஒலிபெருக்கி கட்டிய மைதானம். நூறு மீட்டர் தள்ளிக் கட்டிய குழாயின் சத்தம் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு வினாடி தாமதித்து உங்கள் காதுக்குத் திரும்பி வரும். அங்கே நாலு நாலு சொல்லாக நிறுத்திப் பேசாவிட்டால் நம் குரலே நம்மைக் குழப்பும். உங்களுக்கு இப்போது அது தேவைப்படாது. ஊர்க்கூட்டத்தில் ஒருநாள் தேவைப்படும்.

மகளிர் குழுவில் சரளமாக வருவது அரங்கில் ஏன் வருவதில்லை? குழுவில் வட்டமாக உட்காருகிறீர்கள், பத்து முகமும் தலையாட்டுகிறது, பாதிக் கதை அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். அரங்கில் யாரும் தலையாட்ட மாட்டார்கள். எதிரே இருப்பவர் குனிந்து கோப்பைப் பார்த்தால் அலட்சியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்; பல நேரம் நீங்கள் சொன்ன மனு எண்ணைத்தான் தேடிக்கொண்டிருப்பார். குனிந்த தலை நிமிரும் வரை அடுத்த வாக்கியத்தை நிறுத்திவைக்கலாம்.

பத்து நாளில் செய்ய வேண்டியது அதிகமில்லை. முதல் நாளே கைபேசியில் பதிவு செய்து கேளுங்கள். பிடிக்காது, யாருக்கும் தன் குரல் பிடிப்பதில்லை. "வந்து", "என்னன்னா", "பாத்தீங்கன்னா" எத்தனை என்று காகிதத்தில் கோடு போட்டு எண்ணுங்கள். அவை வருமிடத்தில் வாயை மூடிக்கொண்டு ஒரு வினாடி நில்லுங்கள், அவ்வளவுதான் சிகிச்சை. நாலைந்து நாளில் கோடுகள் பாதியாகும். தினம் காலையும் மாலையும் மும்மூன்று முறை, நின்றுகொண்டு, வாய்விட்டு. மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது பயிற்சியில் சேராது. எட்டாம் நாள் மகளிர் குழுவை அரங்கமாக்குங்கள். ஒருவர் ஆட்சியராக உட்காரட்டும். முப்பதாவது வினாடியில் "சரிம்மா, மனுவைக் குடுங்க" என்று குறுக்கிட வேண்டும் என்று சொல்லி வையுங்கள். தலையாட்டக் கூடாது என்று மற்றவர்களுக்கும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். அவர்களுக்கு இதுதான் கஷ்டம்.

குறுக்கீடு வந்தால் அந்தச் சொல்லிலேயே நிறுத்துங்கள். அவர் குரல் மேல் உங்கள் குரல் ஏறினால், கேட்பவர்களுக்கு இரண்டுமே விளங்காது. "மனு குடுத்தாச்சுங்க ஐயா. எந்தத் தேதின்னு மட்டும் தெரிஞ்சாப் போதும்" என்று கடைசி வாக்கியத்துக்குத் தாவிவிடுங்கள். கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிட்டதால் எந்த இடத்தில் வெட்டினாலும் நஷ்டம் குறைவு.

பதில் வரும். பெரும்பாலும் "நடவடிக்கை எடுக்கப்படும்" என்று வரும். யார், எப்போது என்று இரண்டுமே இல்லாத வாக்கியம் அது. நம் ஆட்கள் இங்கே இரண்டு தப்பில் ஒன்றைச் செய்வார்கள்: நன்றி சொல்லி உட்கார்ந்துவிடுவார்கள், இல்லை கோபத்தில் பழைய கதையை முதலிலிருந்து தொடங்குவார்கள். நீங்கள் மைக்கைத் திருப்பிக் கொடுக்காமல் கேளுங்கள்: "நன்றிங்க ஐயா. தேதி ஒண்ணு குறிச்சுக்கலாமா?" அவர் மே 10 என்றால் உடனே மைக்கிலேயே திருப்பிச் சொல்லுங்கள்: "மே 10ஆம் தேதி 'சி' வாய்க்கால் வேலை ஆரம்பிக்கறதா பொறியாளர் சொல்லியிருக்காங்க. சரிதானுங்களா ஐயா?" அவர் தலையாட்டியதை அரங்கம் பார்த்துவிட்டது, குறிப்பு எழுதுபவர் காதிலும் விழுந்துவிட்டது. பேச்சுக் கலையில் மேடை ஏறுகிறவர்கள் பலருக்குத் தெரியாத பகுதி இது. தேதி சொல்ல மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். "அடுத்த கூட்டத்துல இதே கேள்வியோட வர்றேன் ஐயா" என்று சிரித்த முகமாகச் சொல்லி உட்காருங்கள், அதே மாதிரி வாருங்கள்.

600 மீட்டரில் தண்ணீர் நிற்கும் இடத்தைப் படமெடுத்துப் பெரிதாக அச்சிட்டு, தேதி எழுதி, மனுவோடு முன்கூட்டியே மேசையில் சேர்த்துவிடுங்கள். படத்தில் ஓர் ஆள் நிற்கட்டும், செடியின் உயரம் அப்போதுதான் தெரியும். கைபேசித் திரையைத் தூக்கிக் காட்டுவதால் பயனில்லை, மூன்றாவது வரிசையில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது.

வேறு ஆளை அனுப்பலாம் என்கிறார்களே, தாராளமாக அனுப்பட்டும், உங்களோடு சேர்த்து. உங்கள் பேச்சிலிருந்து வெட்டி எடுத்த உரமும் கொள்முதல் நிலையமும் அனாதையாகக் கிடக்கின்றன. அப்படிச் சொன்னவர் பெயரையும் பதிந்து, கொள்முதல் நிலைய விஷயத்தை அவர் கையில் கொடுங்கள். தேங்கிய மூட்டை 40 கிலோவா 60 கிலோவா என்பதை மட்டும் கிளம்பும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.